சொன்னது யார்?

1982ஆம் ஆண்டு, அன்னை மரியாவின் பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம். என் அத்தையின் மூத்த மகன் மேட்டுப்பாளையம் சாலையில் நிகழ்ந்த விபத்தொன்றில் இறந்து அப்போது ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. ஞாயிறு திருப்பலிக்கும் மாலைச் செபமாலைக்கும் ஒரு நாளும் தவறாத அத்தை, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என்னைத் தனியே அழைத்து, "கண்ணு, வெளியில ஒரு எடத்துக்குப் போகோணும். மாமாகிட்டச் சொல்லீராத. தொணைக்கு வா" என்றார். நான் அப்போது கல்லூரியில் முதலாண்டு மாணவன். எங்கே என்று கேளாமலே உடன் சென்றேன்.

இரண்டு பேருந்துகள் மாறி, தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த ஒரு சாளையை அடைந்தோம். திண்ணையில் ஏற்கெனவே பத்துப் பேர் காத்திருந்தனர். ஒரு பெண்மணி எல்லாருக்கும் நீர்மோர் கொடுத்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று பரிவோடு விசாரித்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வர ஒன்றரை மணி நேரமாயிற்று. உள்ளே நடுத்தர வயதுடைய ஒருவர் விளக்கின் முன் அமர்ந்திருந்தார். இறந்தவர்களோடு பேசுகிறவர் என்பது அவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் வழங்கிய புகழ்.

"மனசுல பெரிய பாரத்தோட வந்திருக்கீங்க அம்மிணி" என்றார்.

"ஆமாங்க சாமி."

"ஊட்டுல ஒரு எழவு. பெரியவங்க..." அத்தையின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "இல்லீங்க. சின்ன வயசு. ஆம்பளப் பையன்."

அத்தையின் கண்கள் நிறைந்தன.

"பேரு 'அ'ன்னு வருது... இல்லாட்டி 'சா'... வேதக்காரங்க பேராட்டம் இருக்குது..." அத்தையின் கழுத்தில் சிறு சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குமேல் அத்தையால் பொறுக்க முடியவில்லை. மகனின் பெயரை அவரே சொல்லி, விம்மி அழுதார். அந்த மனிதர் கண்களை மூடிக்கொண்டு அதே பெயரை மெல்லத் திருப்பிச் சொன்னார். பின்னர், "கடைசி நேரத்துல அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு நெனச்சிருக்கான். வாய் வரலீங்க" என்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில் அத்தையின் முகத்தில் ஆறு மாதமாக நான் காணாத தெளிவு இருந்தது. "நான் ஒண்ணுமே சொல்லலியே கண்ணு. பேரு மொதக்கொண்டு அவராச் சொல்லீட்டாரு, பாத்தியா?" என்றார்.

நான் அருகில்தான் இருந்தேன். பெயரைச் சொன்னவர் அத்தை. ஆனால் அத்தை பொய் சொல்லவில்லை. அவர் நினைவில் அது உண்மையாகவே அப்படித்தான் பதிந்திருந்தது. தன் வாயால் தான் சொன்னதைப் பிறர் சொன்னதாக ஒருவர் எவ்வாறு நம்ப இயலும்? பல ஆண்டுகள் என்னைத் தொடர்ந்துவந்த வினா இதுவே.

போத்தனூரில் ஒருவர்

இந்த வினாவுக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் நம் கோவை மண்ணிலேயே வாழ்ந்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கோவை நகருக்குள் இரயில் வருமுன்னரே இரயில் கண்ட ஊர் போத்தனூர். 1988 முதல் அவ்வூரிலிருந்து 'இந்தியன் ஸ்கெப்டிக்' என்னும் ஆங்கில மாத இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் பசவ பிரேமானந்த். 1930இல் கோழிக்கோட்டில், பிரம்மஞான சபையைச் சார்ந்த பெற்றோருக்குப் பிறந்தவர். 1940களில் விடுதலைப் போராட்டத்துக்காகப் பள்ளியைத் துறந்தவர். பின்னாளில் அற்புதங்கள் எனப்படுவனவற்றை ஆராய்வதையே வாழ்க்கைப் பணியாக ஏற்றுக்கொண்டார்.

அவருக்கு வழிகாட்டியாய் அமைந்தவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் திருவல்லாவில், மார்த்தோமா திருச்சபைக் குரு ஒருவரின் மகனாகப் பிறந்த கோவூர், 1928இல் யாழ்ப்பாணத்துக்கு ஆசிரியராகச் சென்று, இலங்கையிலேயே வாழ்ந்து, 1978இல் மறைந்தார். தெய்வீக ஆற்றலை ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் மெய்ப்பித்துக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அவர் அறிவித்தார். உறையிலிட்டு மூடிய பணத்தாளின் எண்ணைப் படித்துச் சொல்வது அவர் வைத்த தேர்வுகளுள் ஒன்று. பத்துச் சாதகங்களைக் கொடுத்தால் அவற்றுள் ஆண் யார், பெண் யார், உயிரோடிருப்பவர் யார், இறந்தவர் யார் என்று பிரித்துக் காட்டுவது மற்றொன்று. கோவூர் மறைந்தபின் அந்த அறைகூவலைப் பிரேமானந்த் ஏற்று நடத்தினார். இருவர் காலத்திலும் அப்பரிசை வென்றவர் எவருமில்லை.

பிரேமானந்த் வெறுமனே பழித்துப் பேசுகிறவர் அல்லர். ஊர் ஊராகச் சென்று, மக்கள் முன்னிலையில் முதலில் தாமே 'அற்புதம்' செய்வார். எரியும் கற்பூரத்தை நாவில் ஏந்துவார். வெறுங்கையிலிருந்து திருநீறு வரவழைப்பார். தீக்குச்சியின்றி வேள்வித் தீ மூட்டுவார். கூட்டம் வியந்து நிற்கும்போது, செய்த முறையை விளக்குவார். நாவில் ஈரம் இருக்கும்வரை, அடிப்பக்கம் சூடேறுமுன் கற்பூரத்தைத் துப்பிவிடலாம். திருநீறு என்பது முன்னதாகவே கஞ்சியில் பிசைந்து உருட்டி உலர்த்தி, விரலிடுக்கில் மறைத்த சிறு வில்லை. வேள்வித் தீயோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின்மீது நெய்போல ஊற்றப்படும் கிளிசரின் செய்யும் வேலை.

எனினும் இவையெல்லாம் கைவித்தைகள். எங்கள் அத்தை கண்டது கைவித்தை அன்று. அந்த மனிதரின் கைகள் மடியைவிட்டு அசையவே இல்லை. அது சொல்வித்தை. அதன் இயக்கத்தை அறிய வேண்டுமாயின் ஒரு குதிரையின் கதையையும் ஒரு வகுப்பறையின் கதையையும் நாம் கேட்க வேண்டும்.

குதிரையும் வகுப்பறையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் வில்லெம் ஃபான் ஓஸ்டன் என்பவரிடம் ஹான்ஸ் என்ற குதிரை இருந்தது. கூட்டல் கணக்குக் கேட்டால் விடையின் எண்ணிக்கைப்படி குளம்பைத் தட்டும். 1904இல் அறிஞர் குழு ஒன்று வந்து பார்த்து, இதில் ஏமாற்று எதுவுமில்லை என்றது. பின்னர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்தார். வினா கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரை தோற்றது. கேட்பவர் கண்ணுக்குத் தெரியாதபோதும் தோற்றது. குதிரை கணக்கைப் படிக்கவில்லை, முகத்தைப் படித்தது. சரியான எண் வந்தவுடன் கேட்பவரின் தலையும் உடலும் தம்மையறியாமல் மிகச் சிறிதே தளரும். அந்தத் தளர்ச்சியே குதிரைக்குக் கிடைத்த சைகை. 1907இல் இவ்வாய்வு வெளியானது. குறிப்பிடத்தக்க செய்தி என்னவெனில், அச்சைகையைத் தந்தவர் எவருக்கும் தாம் தந்தது தெரியாது.

வாயில்லாப் பிராணியே இவ்வளவு படிக்குமாயின், பல்லாண்டுகள் துயருற்ற முகங்களையே பார்த்துப் பழகிய மனிதன் எவ்வளவு படிப்பான்! "பெரியவங்க" என்றதும் அத்தையின் முகத்தில் எழுந்த மறுப்பும், "சின்ன வயசு" என்றதும் துடித்த உதடும் அவருக்கு எழுதிக் கொடுத்த ஏடு போலாயின.

வகுப்பறையின் கதை 1948இல் அமெரிக்காவில் நடந்தது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, அவரவருக்குரியது என்று சொல்லி ஆளுக்கொரு குணச் சித்திரத்தைக் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அதன்பின்னரே உண்மையை வெளியிட்டார்: எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள்! அதன் வாசகங்களுள் பெரும்பாலானவை கடையில் விற்ற ஒரு சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. 'வெளியே உறுதியாகத் தோன்றினாலும் உள்ளுக்குள் கலங்குகிறீர்கள்' என்பது போன்ற வாக்கியம் எவருக்குத்தான் பொருந்தாது? மனசில் பாரம் இல்லாதவர் எவர் இரண்டு பேருந்து மாறி ஒரு சாளைக்கு வருவார்?

இவ்விரண்டு உண்மைகளையும் இணைத்தால் குறி சொல்லும் கலையின் அடித்தளம் விளங்கும். முதலில், எவருக்கும் பொருந்தும் ஒரு வாக்கியம். அடுத்து, வினாவைக் கூற்றுப் போலச் சொல்லும் தந்திரம். 'பையனா?' என்று கேட்பதில்லை, 'ஆம்பளப் பையன்' என்று குரலைச் சற்றே இழுத்துச் சொல்வது. முகம் ஒத்துக்கொண்டால் அது தெய்வ வாக்கு, மறுத்தால் உடனே அடுத்த சொல். மூன்றாவதாக, திண்ணையில் மோருடன் நடக்கும் விசாரணை. இறுதியாக, எவராலும் சோதிக்க இயலாத, ஆனால் எவரும் கேட்க ஏங்குகிற ஒரு செய்தி. தாயிடம் சொல்லாமல் போன கடைசி வார்த்தையைப் பொய்யென்று யாரால் மெய்ப்பிக்க முடியும்?

வைத்தீசுவரன் கோயிலில் புகழ்பெற்ற நாடிச் சோதிடத்தின் நடைமுறையையும் இந்நோக்கில் எண்ணிப் பார்க்கலாம். பெருவிரல் ரேகை பெற்று ஓலைக்கட்டு கொண்டுவரப்படும். ஒவ்வோர் ஓலையாகப் படித்து, இது சரியா என்று வினவுவர். வந்தவர் 'இல்லை' என்றால் அது படிப்பவரின் பிழையாகக் கணக்கிடப்படுவதில்லை. 'இது உங்கள் ஓலை அன்று' என அடுத்தது எடுக்கப்படும். 'ஆம்' என்ற விடைகளோ ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. பல 'இல்லை'களுக்குப் பின் கிடைக்கும் ஓலையில் பெற்றோர் பெயர்வரை சரியாக இருந்தால், அப்பெயரை ஓலை தந்ததா, நாம் தந்த விடைகள் தந்தனவா என்று ஒருவர் கேட்டுக்கொள்வது தகும்.

அத்தையின் நினைவு எவ்வாறு மாறியது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. தவறிய சொற்கள் மனத்தில் தங்குவதில்லை, பொருந்திய சொற்களே தங்குகின்றன. 'பெரியவங்க' என்றதையும், 'அ' என்றதையும், 'சா' என்றதையும் அத்தை மறந்தார். தன் மகனின் பெயரை வேறொருவர் வாயிலிருந்து கேட்ட அந்தக் கணம் மட்டும் நின்றது. அது ஏற்படுத்திய அதிர்வில், அதற்கு முன் நடந்தது அழிந்துபோனது.

தேர்ச்சியற்றவர்களே இவ்வாறு செய்கிறார்கள், கற்றறிந்த சோதிடர் வேறு என்பாருமுண்டு. வானியலறிஞர் ஜயந்த் நார்லிகரும் அவருடைய குழுவினரும் மராட்டியத்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனையை இங்கு நினைவுகூரலாம். மிகத் திறமையுள்ள பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் பிறந்த விவரங்களிலிருந்து சாதகங்கள் கணிக்கப்பட்டன. ஒவ்வொரு சோதிடருக்கும் 40 சாதகங்கள் அனுப்பி, எது எவ்வகைப் பிள்ளையுடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். விடை அனுப்பிய 27 பேரின் சராசரி வெற்றி நூற்றுக்கு 46. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே ஐம்பது வந்திருக்கும். இங்கே சோதிடருக்கு முன்னால் முகம் இல்லை, வெறும் தாள் மட்டுமே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

துயரம் பெருகும்போது

ஏமாறுபவர் அறிவிலிகள் என்று எண்ணுவது பெரும் பிழை. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

1848இல் அமெரிக்காவின் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில், ஃபாக்ஸ் குடும்பத்தின் இரு இளம் சகோதரியர், தம் வீட்டில் கேட்கும் தட்டும் ஓசைகள் ஓர் ஆவியின் விடைகள் என்றனர். அதிலிருந்து ஆவியுலகத் தொடர்பு என்னும் பேரியக்கமே கிளர்ந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1888 அக்டோபர் 21 அன்று, நியூயார்க்கில் நிறைந்த அரங்கில் மார்கரெட் ஃபாக்ஸ் மேடையேறி, அவ்வோசை தம் கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கி எழுப்பியதே என்று ஒப்புக்கொண்டு, செய்தும் காட்டினார். அடுத்த ஆண்டே அவ்வொப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் ஒப்புதலாலும் இயக்கம் அழியவில்லை. அதற்குப் பின்னரும் அது வளர்ந்தது.

ஏன் வளர்ந்தது? முதல் உலகப் போர் வந்தது. ஐரோப்பாவில் புதைகுழி கூடத் தெரியாத இலட்சக்கணக்கான மகன்களுக்காகப் பெற்றோர் அழுதனர். ஆவியோடு பேசுவதாகச் சொன்னவர்களின் கூடங்கள் நிரம்பின. திருச்சபை அதைக் கண்டு வாளாவிருக்கவில்லை. இத்தகைய கூட்டங்களில் வெறும் பார்வையாளராகக்கூடக் கலந்துகொள்ளலாகாது என்று 1917 ஏப்ரலில் உரோமையின் திரு அலுவலகம் விதித்தது.

அந்நாளில் ஆவியுலகக் கொள்கைக்காக உலகெங்கும் உரையாற்றியவர் ஆர்தர் கானன் டாயில். துப்பறியும் ஷெர்லக் ஹோம்சைப் படைத்த அதே எழுத்தாளர்தாம். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இயேசு சபையினரின் ஸ்டோனிஹர்ஸ்ட் பள்ளியில் பயின்று, பின்னர் மருத்துவரானவர். போரில் காயமுற்ற அவருடைய மகன் கிங்ஸ்லி 1918இல் நோயுற்று இறந்தார். கூர்மதி ஒரு கவசம் என்றால் டாயிலைவிடக் கவசம் அணிந்தவர் எவர்?

அவருடைய நண்பர் மாயவித்தைக் கலைஞர் ஹூடினி. 1913இல் தாயை இழந்த ஹூடினி, அவரோடு ஒரு சொல்லாவது பேசிவிட வேண்டும் என்று ஏங்கியவர். 1922இல் டாயிலின் மனைவி, ஹூடினியின் தாயுடைய ஆவி தம் கையை இயக்குகிறது என்று கூறி, பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். தாளின் தலைப்பில் ஒரு சிலுவைக் குறி. செய்தி முழுவதும் நல்ல ஆங்கிலம். ஹூடினியின் தாயோ யூத ரபி ஒருவரின் மனைவி, ஆங்கிலம் பேசத் தெரியாதவர்! டாயிலின் மனைவி வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று கொள்ள வேண்டியதில்லை. தம் கையே எழுதுவதை அவர் அறியாதிருந்திருக்கலாம். ஆனால் ஹூடினியின் ஏக்கம் அன்று கோபமாக மாறியது. 1926இல் இறக்கும்வரை, ஆவியின் பெயரால் அழுதவர்களிடம் பணம் பறித்தவர்களை அவர் விடாது வெளிப்படுத்தினார்.

இருவருக்கும் துயரம் ஒன்றே. ஒருவர் சோதித்துப் பார்த்தார், மற்றவர் சோதிக்க மனமில்லாதிருந்தார். வேறுபாடு அறிவில் இல்லை என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

சாம்பல் தூவிய இறைவாக்கினர்

ஐயுறுவது நம்பிக்கைக்குப் பகை என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். தானியேல் நூலின் பதினான்காம் அதிகாரம் அவ்வெண்ணத்தைத் திருத்தும். பேல் தெய்வம் நாள்தோறும் மாவையும் நாற்பது ஆடுகளையும் திராட்சை இரசத்தையும் உண்பதாக அரசர் சைரசு நம்பினார். தானியேல் நகைத்தார். கோவிலைப் பூட்டுமுன் தரையில் சாம்பலைத் தூவச் செய்தார். காலையில் பூட்டு உடையவில்லை, படையல் தீர்ந்திருந்தது. அரசர் வியந்தார். தானியேலோ தரையைப் பார்க்கச் சொன்னார். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் காலடிகள் சாம்பலில் பதிந்திருந்தன. எழுபது குருக்களும் குடும்பத்தோடு மறைவழியாய் வந்து உண்டது வெளிப்பட்டது. பிரேமானந்த் மேடையில் செய்ததும் சாம்பல் தூவுவதே அன்றோ!

திருச்சபையும் தன் வீட்டுக்குள்ளேயே சாம்பல் தூவி வந்துள்ளது. பின்னாளில் பதினான்காம் பெனடிக்ட் எனத் திருத்தந்தையான லம்பெர்த்தினி, புனிதர் பட்ட விசாரணைகளில் சுமார் இருபது ஆண்டுகள் 'நம்பிக்கையின் காவலர்' என்ற பொறுப்பு வகித்தார். மக்கள் வழக்கில் அதற்குச் 'சாத்தானின் வழக்குரைஞர்' என்று பெயர். சொல்லப்பட்ட ஒவ்வோர் அற்புதத்திலும் குறை தேடுவதே அவர் கடமை. நோய் கடுமையானதா, மருந்தால் குணமானதா, குணம் உடனடியாகவும் முழுமையாகவும் வந்ததா, நிலைத்ததா என்று அவர் 1730களில் வகுத்தெழுதிய அளவுகோல்கள் இன்றும் வழிகாட்டுகின்றன. லூர்து நகரில் 1883 முதல் மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குணமடைதல்கள் அங்கே பதிவாயின. அவற்றுள் திருச்சபை அற்புதமென ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டியவை மட்டுமே.

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், சோதிடம், கைரேகை, குறி கேட்டல், ஆவிகளை அழைத்தல் அனைத்தையும் விலக்குகிறது. அதற்கடுத்த எண்ணிலேயே, பிறருடைய எளிதில் நம்பும் மனத்தைச் சுரண்டுவதையும் கண்டிக்கிறது. பாவம் கேட்கப் போனவரோடு முடிவதில்லை, கேட்க வந்தவரைச் சுரண்டியவரிடமும் இருக்கிறது. பிலிப்பி நகரில் குறி சொன்ன அடிமைப் பெண்ணைப் பவுல் விடுவித்தபோது சினந்தெழுந்தவர்கள், அவளால் வருவாய் கண்ட முதலாளிகளே என்று திருத்தூதர் பணிகள் நூல் காட்டுகிறது.

இதைச் சொல்லும்போது பிற சமயத்தார்மீது விரல் நீட்டுவது நம் நோக்கமாகிவிடக்கூடாது. விடியுமுன் உடுக்கையை ஆட்டி, நல்ல காலம் பிறக்கிறது என்று சொல்லி ஒரு படி அரிசி பெற்றுப்போகும் ஏழைக் குடுகுடுப்பைக்காரர் எவரையும் அழித்ததில்லை. ஆனால் நம் இயேசுவின் பெயரைச் சொல்லியே இவ்வித்தை நடந்ததுண்டு. பீட்டர் போபாஃப் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர், கூட்டத்தில் முன்பின் அறியாதவர்களின் பெயரையும் நோயையும் முகவரியையும் சொல்லி வியப்பூட்டி வந்தார். 1986இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மாயவித்தைக் கலைஞரும் நண்பர்களும் வானொலி அலைவாங்கி ஒன்றை எடுத்துச் சென்று உண்மையைக் கண்டனர். மக்கள் எழுதிக் கொடுத்த செப அட்டைகளைப் போதகரின் மனைவி மறைவிலிருந்து படித்துச் சொல்ல, அவர் காதிலிருந்த சிறு கருவி அதை வாங்கித் தந்தது. திண்ணையில் கொடுக்கப்பட்ட மோரும் இந்தச் செப அட்டையும் ஒரே வேலையைத்தான் செய்தன. இன்றோ அதுகூடத் தேவையில்லை. நம் வீட்டுத் திருமணமும் இறப்பும் நோயும் நாமே கைப்பேசியில் ஊருக்கு அறிவித்தவையாய் இருக்கின்றன. 'உங்களைப் பற்றி ஆண்டவர் எனக்கு வெளிப்படுத்தினார்' என்று ஒருவர் சொன்னால், பிரேமானந்த் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை நாமும் பணிவோடு கேட்கலாம்: வெளிப்படுத்தியது ஆண்டவரா, நானா?

பிரேமானந்தின் முடிவு நம் முடிவு அன்று. கடவுளும் இல்லை, ஆன்மாவும் இல்லை என்பது அவர் கொள்கை. இறக்குமுன் மனம் மாறினார் என எவரும் கதை கட்டிவிடலாகாது என்றே 2009 செப்டம்பர் 20 அன்று அறிக்கை எழுதி, உடலை மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கச் சொல்லி, அக்டோபர் 4 அன்று போத்தனூரில் கண்மூடினார். பொய்த் தெய்வத்தின் தரையில் சாம்பல் தூவிய தானியேல், உண்மைக் கடவுளை வழிபட்டவர். பிரேமானந்திடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது அவருடைய சாம்பலை.

ஆறு மாத மௌனம்

மீண்டும் அந்தப் பேருந்துக்கு வருகிறேன். அன்று நான் சாம்பல் தூவினேன். ஆனால் தூவிய விதம் தவறு. "நீங்கதான் பேரைச் சொன்னீங்க அத்தை. அவரு சொல்லலை" என்று பட்டென்று சொன்னேன். கல்லூரி மாணவனுக்குரிய வெற்றிக்களிப்பு என் குரலில் இருந்திருக்க வேண்டும். அத்தையின் முகம் இருண்டது. ஊர் வரும்வரை பேசவில்லை. அதன்பின் அவர் என்னை அழைக்கவில்லை, தனியாகவே போனார்.

தனியாகப் போனவருக்கு அடுத்த கட்டம் காத்திருந்தது. இறந்தவனைக் காட்டி நம்பிக்கை பெற்றபின், இருப்பவனைக் காட்டி அச்சுறுத்துவது இத்தொழிலின் முறை. இளைய மகனுக்கும் கண்டம் இருக்கிறது, கழிக்க வேண்டும் என்றார் அவர். முதல் நாள் பதினோரு ரூபாய் காணிக்கை வைத்த அத்தை, மூன்றாம் மாதம் தன் கழுத்தில் கிடந்த மூன்று பவுன் சங்கிலியைக் கொடுத்துவிட்டு வந்தார். இளைய மகனுக்கு ஒன்றும் நேரவில்லை. அது கழிப்பின் பலன் என்று ஆயிற்று. நேர்ந்திருந்தால் கழிப்புப் போதவில்லை என்று ஆகியிருக்கும். எப்பக்கம் விழுந்தாலும் தோற்காத நாணயம் அது.

அத்தையை மீட்டது எந்த வாதமும் அன்று. பக்கத்துத் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார், தாமும் ஒரு மகனைப் பறிகொடுத்தவர். அவர் நாள்தோறும் மாலையில் வந்து திண்ணையில் அமர்ந்து, "உம்பட பையனுக்கு என்ன சோறு புடிக்கும்? சின்னதுல எப்படி இருந்தான்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அத்தை பேசுவார். அழுவார். சில நாள் சிரிக்கவும் செய்வார். செபமாலைக்கு மணி அடிக்கும்வரை அப்பேச்சு நீளும். சாளைக்குப் போவது எப்போது நின்றது என்று எவருக்கும் தெரியாது. ஒரு நாள் நின்றுபோயிருந்தது.

அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. அந்த ஆறு மாதங்களும் எங்கள் குடும்பத்தில் எவரும் இறந்தவனின் பெயரை அத்தையின் முன் சொல்லவில்லை. அவர் அழுதுவிடுவாரே என்ற அன்பினால்தான் சொல்லவில்லை. புகைப்படத்தைக்கூடப் பெட்டிக்குள் எடுத்து வைத்தோம். அடக்கத் திருப்பலிக்குப்பின் அப்பெயரை அவர் உரக்கச் சொல்லக் கிடைத்த முதல் இடம், முன்பின் அறியாத ஒருவரின் விளக்கடியே. அவர் அத்தையிடமிருந்து பெற்றது சங்கிலியை. அதற்கு ஈடாக அவர் கொடுத்தது எங்களால் கொடுத்திருக்கக்கூடிய ஒன்று. அதை நாங்கள் கொடுக்கவில்லை.

நம் பங்குகளில், நம் அன்பியங்களில், அடக்கம் முடிந்த ஏழாம் நாளுக்குப்பின், முப்பதாம் நாளுக்குப்பின், அவ்வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் எவர்? இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறவர் எவர்? போலிகளை வெளிப்படுத்துவது தேவையான பணிதான். பிரேமானந்த் அதை வாழ்நாளெல்லாம் செய்தார். ஆனால் போலிகளிடம் போகத் தேவையில்லாதபடி ஒருவருடைய துயரத்தை உட்கார்ந்து கேட்பது, செலவின்றி நம் ஒவ்வொருவராலும் செய்யக்கூடிய பணி.

அத்தை இப்போது இல்லை. அவர் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு நாள் அந்தச் சாளையை அவரே நினைவுகூர்ந்தார். "அவரு சொன்னாரா, நாஞ் சொன்னனா, எனக்கே தெரியல கண்ணு" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஆனா அன்னிக்கு அவம் பேரைச் சொல்லோணும்னு இருந்துச்சு" என்றார்.